சுடாத இஸ்திரிப் பெட்டி

நான்காம் மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. பெய்வதா வேண்டாமா என்று மழை காலையிலிருந்தே இழுத்தடித்துக்கொண்டிருந்தது. லாரியில் ஏற்ற நான்கு பேர் வந்திருந்தார்கள். ஆள் உயர மரப்பெட்டி. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்ட ஓர் அம்புக்குறி, உடையும் சாமான் என்று சொல்ல ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம்.

"சவப்பெட்டி மாதிரி இருக்குடி" என்றாள் பாத்திரக்கா, இரண்டாம் மாடிக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தபடி.

"வாயைக் கழுவு. மாப்பிள்ளை கிளம்புற நேரத்துல பேசற பேச்சா இது?" என்றாள் பக்கத்தில் நின்ற இஸ்திரியக்கா.

மாப்பிள்ளை என்று அவர்கள் சொன்னது வீட்டுவேலை செய்யும் மனித வடிவ ரோபோவை. இரண்டு கை, இரண்டு கால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒரு வேலையும் தெரியாமல் வந்து நின்றுகொண்டு, சுற்றியிருக்கும் பெண்கள் எல்லாரும் தனக்கு முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்ததால் அந்தப் பெயர். வைத்தது பாத்திரக்காதான். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாடியும் ஒரு வீடு. கூடம், சமையலறை, படுக்கையறை, துணி காயப்போடக் கொடி எல்லாம் இருந்தன. யாரும் படுக்காத கட்டிலுக்கு நாள் முழுக்க விரிப்பு மாற்றுவார்கள். யாரும் சாப்பிடாத தட்டில் பழுப்பு நிறப் பசையைத் தடவி வைப்பார்கள், பாத்திரக்கா கழுவுவாள், ஈரம் காய்வதற்குள் மறுபடி தடவிக் கொடுப்பார்கள். பெண்கள் எல்லாரும் நெற்றியில் கேமராவும் கையில் கம்பி ஓடிய உறையும் மாட்டியிருப்பார்கள். கை எப்படி அசைகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று உறை பிடித்துக்கொள்ளும். கண் எங்கே போகிறது என்று கேமரா பிடித்துக்கொள்ளும். அதெல்லாம் கீழ்த்தளத்துக்குப் போய், அங்கே நிற்கும் மாப்பிள்ளையின் தலைக்குள் ஏறும். இது பெண்களுக்கு இன்ஜினியர் சொன்ன விளக்கம். அதற்கு மேல் அவர்கள் கேட்கவும் இல்லை.

இஸ்திரியக்கா பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வருஷக்கணக்காக இஸ்திரி போட்டவள். ஒரு சட்டையைக்கூடக் கருக்கியதில்லை என்று அங்கே அவளுக்குப் பெயர். உருளை மிஷின் ஒன்று வந்து, விரிப்பையும் உறையையும் ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் பளபளவென்று துப்ப ஆரம்பித்ததும், ஆட்களைக் குறைத்தார்கள். சில மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு இந்த வேலை.

"மிஷின் உன்னைத் துரத்திச்சு. இப்ப நீ போய் மிஷினுக்கே டியூஷன் எடுக்கற. ரோஷம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்று கேலி செய்தார் அவள் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக்.

"உங்க லிப்ட் வந்தப்ப மாடிப்படி அழுதுச்சா?" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எட்டுப் பத்துப் பெண்கள் இஸ்திரி போட்டுக் காட்டியதில் இவள் கைதான் சீராக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்து, அதையே எல்லா மாப்பிள்ளைகளுக்கும் ஏற்றினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் தன் வலது கையை அவளே இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரே ஒரு குறை மட்டும் சொல்வார்கள். எந்த வேலை முடிந்தாலும் இரண்டு கையையும் இடுப்பில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொள்வாள். ஈரம் இருக்கிறதோ இல்லையோ, கை தானாகப் போகும்.

"அக்கா, கையைத் துடைக்காதீங்க. மாப்பிள்ளைக்கு வேர்க்காது. இன்னொரு தடவை போடுங்க" என்பான் மேற்பார்வையாளன். எதற்கெடுத்தாலும் "இன்னொரு தடவை" என்பதால் அவனுக்கு 'ரீடேக்' என்று பெயர்.

"போன ஜென்மத்துல வந்த பழக்கம் தம்பி. விட மாட்டேங்குது."

"விடுங்க, படத்துல அந்த இடத்தையெல்லாம் நாங்க வெட்டிடுவோம்" என்பாள் இன்ஜினியர். சின்ன வயசு, எல்லாரும் சின்ன மேடம் என்பார்கள். அவள் எல்லாரையும் அக்கா என்பாள்.

நான்காம் மாப்பிள்ளையை வாங்கியவர் ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டர். வாங்குவதற்கு முன்னால் நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்தார். கூடவே சக்கர நாற்காலியில் மனைவி. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு மட்டும் மெதுவாக, தெளிவாக இருந்தது.

விற்பனை ஆள் ஏதேதோ பெருமை பேசினான். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் கறுப்பு முகத்தை அண்ணாந்து பார்த்து, "வாயைத் திறன்னு சொல்ல வேண்டியில்லாத ஒரே ஆளு" என்றார்.

"உங்களுக்கு இனிமே என்ன வேலை அப்ப?" என்றார் மனைவி.

லிப்டில் மாடிக்கு வந்ததும் டாக்டர் விற்பனை ஆளை விட்டுவிட்டு இஸ்திரியக்காவிடம் வந்தார். "நீதானேம்மா இதுக்கு இஸ்திரி சொல்லிக்கொடுத்தது?"

"ஆமா சார்."

"என் வெள்ளைக் கோட்டெல்லாம் இவதான் இஸ்திரி போடுவா. ஒரு சுருக்கம் இருக்காது. இப்ப கை வரலை. நான் போட்டா நாய் கடிச்ச மாதிரி இருக்குங்கறா. வீட்டுல கசங்கின துணியைப் பார்த்தா அன்னிக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வச்சுக்கறா."

"நாய் கூட இன்னும் ஒழுங்காக் கடிக்கும்" என்றார் மனைவி.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விஷயம் என்னன்னா, நான் இவளை விட்டு எங்கேயும் போறதில்லை. கடைக்குப் போனாக்கூட மனசு அடிச்சுக்குது. இதை நம்பி விட்டுட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே போகலாமா? விக்கறவன்கிட்ட கேட்டா ஆமான்னுதான் சொல்வான். நீ சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்வி தன்னிடம் வந்ததே பெரிய மரியாதையாக இருந்தது. "தாராளமா போங்க சார். நான் பொறுப்பு" என்றாள்.

"நம்பர் கொடு. சந்தேகம் வந்தா உன்கிட்டதான் கேட்பேன்."

கொடுத்தாள். அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை லாரிக்குப் பின்னாலேயே அவருடைய காரும் கிளம்பியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மாடியைப் பார்த்துத் தன் போனைத் தூக்கிக் காட்டினார். நம்பர் இருக்கிறது என்று அர்த்தம். அவளும் கையை ஆட்டினாள். தெருமுனையில் லாரி திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடுமுறை. வீட்டில் குவிந்துகிடந்த துணியை எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி போட உட்கார்ந்தாள். மகள் மேஜையில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, அவள் வாய்க்கு மட்டும் பத்தாம் வகுப்பு முடிந்துவிட்டது என்பார் அவள் அப்பா.

"அம்மா, மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு எப்போ வரும்?"

"உங்க அப்பா சம்பளத்துல அதோட கட்டைவிரல் வரும்."

சட்டையின் முதுகை முடித்தாள். பெட்டியை வைத்தாள். திரும்பி ஹேங்கரை எடுத்தாள், காலரைச் சரிசெய்தாள், கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். மகள் கணக்கில் ஏதோ கேட்டாள். இவள் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். அப்போதுதான் நாற்றம் வந்தது.

பெட்டி, மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடை மேல் முகம் குப்புறப் படுத்துக்கிடந்தது. சட்டென்று தூக்கினாள். துணியில் பழுப்பாக ஒரு முக்கோணம், நடுவில் ஓட்டை. அடியில் விரித்திருந்த போர்வையும் கருகியிருந்தது.

"அய்யய்யோ! ஒரு சட்டை கூடக் கருக்காத பெரிய ஆளு!" மகள் கைதட்டிச் சிரித்தாள். "அம்மா, நிமிர்த்தி வைக்கணும்னு எனக்கே தெரியும்."

இவள் சிரிக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஓட்டலில் அத்தனை வருஷமும் அப்படித்தான் வைத்தாள். வீட்டிலும் அப்படித்தான். பிறகு எப்போது கை மாறியது?

ஒயரைப் பிடுங்கிவிட்டு யோசித்தாள்.

அந்த மூன்று மாடி வீட்டில் எதுவும் சுடாது. அடுப்பில் காஸ் கிடையாது. திருகினால் டிக்கென்று சத்தம் மட்டும் வரும். கத்தியெல்லாம் மொட்டை. இஸ்திரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் உள்ளே சூடாகும் கம்பியை எடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் யாரோ ஒருத்தி சூட்டுப் பெட்டியில் கையுறையைப் பொசுக்கிவிட்டாளாம். ஓர் உறையின் விலைக்கு ஒரு குடும்பம் சில மாதம் சாப்பிடலாம் என்று சொல்லி, அன்றே எல்லாப் பெட்டியையும் ஆறப்போட்டுவிட்டார்கள். கசங்கிய சட்டை கசங்கியபடியே இருக்கும். கை மட்டும் போய்ப் போய் வர வேண்டும். முதல் வாரங்களில் அவள் பெட்டியை நிமிர்த்தித்தான் வைத்தாள். நன்றாக நினைவிருக்கிறது. சுடாத பெட்டியிடம் எத்தனை நாள் பயப்பட முடியும்? கை கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தை விட்டுவிட்டது. இருந்த இடத்திலேயே படுக்க வைத்துவிட்டுத் திரும்புவது சுலபம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கை இப்போது பல் டாக்டர் வீட்டில் இருக்கிறது. அங்கே இருக்கும் பெட்டி சுடும். பக்கத்தில் எழுந்து ஓட முடியாத ஓர் அம்மா.

தாராளமா போங்க சார். நான் பொறுப்பு.

கணவர் வந்து உட்கார்ந்து தட்டைப் போட்டதும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"சொன்னா வேலை போகுமா?"

"போகும்னுதான் நினைக்கறேன். என் கைதானே ஏத்தியிருக்காங்க. தப்பும் என்னோடதுதானே?"

"சொல்லலைன்னா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு லிப்ட்ல பிரேக் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

"அப்ப சொல்லிடணும்கறீங்க."

"நான் அதைச் சொல்லலை. நீ இன்னும் ஒரு வாய் கூட சாப்பிடலைன்னு சொன்னேன்."

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து எடுத்துப்போனாள். நேராக மேலே போய்ப் பாத்திரக்காவிடம், "ஒரு சட்டை போட்டுக் காட்டேன்" என்றாள்.

"எதுக்குடி? உன் கை போதாதா?" என்றபடி பாத்திரக்கா அங்கிருந்த பெட்டியை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள், அப்படியே சட்டை மேல் படுக்க வைத்துவிட்டு ஹேங்கருக்குக் கையை நீட்டினாள்.

"பெட்டியைப் பார்."

பார்த்தாள். "என்ன? சுடாத பெட்டியை எதுக்கு நிமிர்த்தி..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். முகம் மாறியது. "ஐயோ" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில். அன்று முழுக்க அவள் கேலி எதுவும் செய்யவில்லை.

ரீடேக் முதலில் சிரித்தான். "அக்கா, இப்ப வர்ற பெட்டியெல்லாம் கொஞ்ச நேரம் அசையலைன்னா தானா அணைஞ்சுடும். எந்தக் காலத்துல இருக்கீங்க?"

"எல்லார் வீட்டுலயும் புதுப் பெட்டியா இருக்கு? இது என் வீட்டுப் பெட்டி. இது அணையாது." பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். கூடவே மகளின் பாவாடையையும் விரித்தாள். முக்கோண ஓட்டை வழியாக மேஜையின் மரம் தெரிந்தது.

ரீடேக் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சிரிக்கவில்லை. "சின்ன மேடத்தைக் கூப்பிடறேன்" என்றான்.

கீழ்த்தளத்தில் ஒரு மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். அவள் பெட்டியை மின்சாரத்தில் மாட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் எந்த மாப்பிள்ளையும் சூடான பெட்டியைப் பிடித்ததே இல்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. பரிசோதனைக் கூடத்திலும் அதே தொகுதியில் வந்த, கம்பி எடுத்த பெட்டிதான்.

மாப்பிள்ளை பெட்டியை எடுத்தது. அதன் தோள் சாய்ந்தவிதம், விளிம்பில் கொஞ்சம் நிதானித்து மூலைக்குள் நுழைந்தவிதம், எல்லாம் அவள். முதல் தடவையாக அந்தக் கைக்கு அடியில் சுருக்கம் நீங்கிச் சட்டை வழவழவென்று விரிந்தது. பயத்துக்கு நடுவில் ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் அது பெட்டியைச் சட்டை மேல் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ஹேங்கரை எடுத்தது. காலரை நீவியது. பின்னால் நூலாகப் புகை கிளம்பியது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. புகை என்று ஒன்று அதற்கு யாரும் காட்டியதில்லை.

சின்ன மேடம் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். "நானும் தினமும் பார்த்தேன் அக்கா. ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். கண்ணுல படவே இல்லை" என்றாள்.

"என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க மேடம். ஆனா முதல்ல அந்த டாக்டருக்குச் சொல்லுங்க."

"உங்களை எடுத்தா என்னையும் எடுக்கணும்" என்றபடி அவள் கம்ப்யூட்டரை நோக்கி ஓடினாள்.

முந்தின வாரம்தான் வெளியே போயிருந்த எல்லா மாப்பிள்ளைகளுக்கும் இஸ்திரி வேலையை முடக்கச் சொல்லி உத்தரவு அனுப்பினார்கள். ஒவ்வொன்றாகச் சரி என்று பதில் வந்தது. திரையில் பச்சைப் புள்ளிகள் ஏறின. நான்காவது மட்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

"இன்டர்நெட்டை நிறுத்தி வச்சிருக்காங்க போல" என்றாள் சின்ன மேடம். "அது கண் வழியா கம்பெனி ஆளுங்க வீட்டைப் பார்ப்பாங்களான்னு அந்தம்மா அன்னிக்கே கேட்டாங்க. நெட் இல்லாமலும் அது ஓடும் அக்கா. தெரிஞ்ச வேலையைத் தெரிஞ்சபடி செஞ்சுக்கிட்டே இருக்கும். புதுசா எதுவும் போய்ச் சேராது."

டாக்டர் கம்பெனியில் எழுதிக்கொடுத்திருந்த எண் அடித்து அடித்து ஓய்ந்தது. அது மூடிவிட்ட கிளினிக்கின் பழைய எண் என்று பிறகு தெரிந்தது. முகவரியை வாங்கிக்கொண்டு அன்று மாலையே அவளும் ரீடேக்கும் போனார்கள். ரீடேக் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், எங்கேயாவது கருகல் வருகிறதா என்று.

வீடு முழுசாக இருந்தது. பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு சொன்னாள்: "நேத்தே போய்ட்டாங்களே. அந்தம்மாவோட தம்பி வீட்டுப் பக்கம், மலை மேல. காத்து நல்லா இருக்குமாம். அந்த மிஷினையும் பெட்டியோட ஏத்திக்கிட்டுப் போனாங்க. பிரிக்கக் கூட இல்லை."

"எந்த மலைங்க?"

"அதெல்லாம் சொல்லிட்டுப் போற அளவுக்கு நாங்க பழகலை. பல்லு வலின்னு போனா பேசுவாரு, அவ்வளவுதான்."

அவளுக்குப் போகும்போதாவது எந்த வீடு என்று தெரிந்திருந்தது. திரும்பும்போது அதுவும் இல்லை. எங்கோ ஒரு மலை, எங்கோ ஒரு வீடு, கசங்கிய துணி.

கம்பெனியும் தேடியது. ஆள் அனுப்பியது, பத்திரிகையில் அறிவிப்புப் போட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் வேறு வேலைகள் வந்தன. அடுத்த தொகுதி, அதற்கடுத்த தொகுதி. மூன்று மாடி வீட்டுக்கு நிஜ இஸ்திரிப் பெட்டி வந்தது, பக்கத்தில் ஒரு வாளி மணல் வந்தது. அவளை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. நீங்களே மறுபடி சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். சூட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்து நிமிர்த்தி வைத்துக் காட்டினாள்.

ஆனால் பழைய சீர் போய்விட்டது. ஒரு கதவைச் சாத்தும்போதே கை நின்றுவிடும். வீட்டில் நான் இப்படித்தான் சாத்துவேனா, அல்லது யாரும் இல்லாத வீட்டில் பழகியதா? குழாயை முழுக்க மூடினேனா? இங்கே தண்ணீர் வராத குழாய் ஒன்று இருக்கிறதே, அதை எப்படி விடுகிறேன்? "அக்கா, ஏன் நிக்கறீங்க? இன்னொரு தடவை" என்பான் ரீடேக், முன்பைவிட மெதுவாக. பிறகு அதையும் சொல்வதை விட்டான். கடைசியில் அவளே நின்றுகொண்டாள். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே பெட்டி சுடும். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

வேறு நிம்மதி இல்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பாள். எடுத்தால் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி வைப்பாள். தீயணைப்பு வண்டியின் மணி கேட்டால், அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்வரை கையில் இருப்பதைக் கீழே வைக்க மாட்டாள்.

"அம்மாவுக்குப் பேப்பர்ல தீ மட்டும்தான் தெரியும்" என்று மகள் கிண்டல் செய்தாள். ஒரு நாள் அவளே பேப்பரைப் படித்துவிட்டு, "இன்னிக்கு எங்கேயும் எரியலை, நீ சாப்பிடு" என்றாள். அதிலிருந்து தினமும் அப்படிச் சொல்வது அவள் வழக்கமானது. எரிந்த நாளிலும் எரியவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். துருவிக் கேட்பதில்லை.

மாப்பிள்ளைகள் கடைக்கு வந்துவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக்குள் ஒன்று நின்று நாள் முழுக்க இஸ்திரி போட்டது. கூட்டம் நின்று பார்த்தது. அவளும் கணவரும் ஒரு மாலை நின்று பார்த்தார்கள். பெட்டியை நிமிர்த்தித்தான் வைத்தது. பக்கத்தில் நின்ற ஓர் ஆள், "மனுஷன் கூட இவ்வளவு ஜாக்கிரதையா வைக்க மாட்டான்" என்றான். கணவர் அவள் தோளைத் தொட்டார். "பார்த்தியா? சரியாயிடுச்சு. இனிமே விடு."

"இது சரியாயிடுச்சு" என்றாள்.

மகள் பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, போன் ஒரு முறை அதிர்ந்தது. தெரியாத எண். அழைப்பு இல்லை, எழுத்து. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நிமிர்த்தி வைத்தோமா என்று திரும்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டு, போனை எடுத்தாள்.

"நான் பல் டாக்டரின் மனைவி. அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. உன் நம்பர் அவருடைய பழைய போனில் இருந்தது, நேற்றுதான் கிடைத்தது. இடது கையால் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே வந்த முதல் வாரமே உன் ஆள் சூட்டுப் பெட்டியை என் போர்வை மேல் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவர் வெளியே நடக்கப் போயிருந்தார். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் தனியாகப் போனார். நான் நாற்காலியை உருட்டிப் போய் ஒயரைப் பிடுங்கினேன். போர்வையோடு போயிற்று. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அந்தப் போர்வையை நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து இன்னும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். கசங்கிய துணி பழகிவிட்டது. மற்றபடி நல்ல பிள்ளை, என்னைத் தூக்கி உட்கார வைக்கிறது. இப்போது ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். எந்த வேலை முடிந்தாலும் அது இரண்டு கையையும் இடுப்பில் துடைத்துக்கொள்கிறது. அன்று மாடியில் நீ அப்படிச் செய்ததைப் பார்த்த ஞாபகம். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அதற்கு இன்னும் என்னென்ன சொல்லிக்கொடுத்தாய்? நினைவிருக்கும் வரை எழுது. அவர் தினமும் நடக்கப் போகிறார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்."